அப்பா வீட்டுக்குள் நடக்கிறார், ரோட்டுக்கு வர முடியவில்லை: பக்கவாதத்துக்குப் பிறகு நடை வேகம் கூட என்ன வழி?

அருமனைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, ரப்பர் பால் வெட்டுத் தொழில். போன வருஷம் ஆடி மாசம் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் வராமல் போய்விட்டது. பேச்சு திரும்பிவிட்டது. கை பாதிதான். நடக்கிறார், ஆனால் வீட்டுக்குள் மட்டும்.

கம்பு ஊன்றி, வலது காலை அரைவட்டமாகச் சுழற்றி வைக்கிறார். பெருவிரல் தரையில் உரசுகிறது. சாரம் (கைலி) கட்டினால் அதன் ஓரத்தில் விரல் மாட்டுகிறது. ஜங்ஷன் சாயாக்கடை எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் பின்னாலிருந்து லாரி ஹார்ன் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். "நாம இனி வீட்டோட இருந்துக்கிடுவோம் மக்கா" என்றார். விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமுமான விளையில் மரம் மரமாக ஓடிய மனுஷன் அவர்.

காட்டிய ஓர் இடத்தில், ஆறு மாசம் தாண்டிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறவுக்காரர் ஒருவர் கேரளாவில் ரோபோ வைத்து நடக்க வைக்கிற இடம் இருக்கிறது என்கிறார். கேட்ட தொகைக்கு இரண்டு வருஷ வருமானம் போகும். உண்மையிலேயே இனி வேகம் கூடாதா? கூடும் என்றால் வீட்டில் என்ன செய்யலாம்?

தோவாளைப்பூ

தம்பி, மனசு விட வேண்டாம். எங்கள் மாமனாருக்கு வாதம் வந்தபோது வர்ம ஆசானிடம் கொண்டுபோனோம். ஒரு மண்டலம் தைலம் தடவி மூலிகைக் கிழி ஒத்தடம் கொடுத்தார்கள். கால் விறைப்பு நன்றாகவே விட்டது. உங்கள் பக்கம் நல்ல ஆசான்மார் நிறைய உண்டு. விசாரித்துப் பாருங்கள்.

தக்கலை பிசியோ

அருமனைத் தம்பிக்கு. ஆறு மாசக் கணக்கை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது சரி. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்பது சரியில்லை. பக்கவாதம், மூளைக்காயம், தண்டுவடக் காயம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கென்றே 2020ல் நரம்பியல் பிசியோதெரபி வழிகாட்டுதல் ஒன்று வந்தது. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கும் நடை வேகமும் நடக்கும் தூரமும் கூடுகிறது என்பதை வைத்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.

எந்தச் சிகிச்சை என்று யோசிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவின் வேகத்தை அளந்து பாருங்கள். முற்றத்திலோ, சர்ச் ஹாலிலோ, எங்கே சமதளமாக இருக்கிறதோ அங்கே 10 மீட்டருக்குச் சாக்பீஸில் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு 2 மீட்டர் முன்னாலிருந்தே அவர் நடக்கத் தொடங்கட்டும், கடைசிக் கோட்டைத் தாண்டி 2 மீட்டர் போய் நிற்கட்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் குறையும், அது கணக்கில் வரக்கூடாது. கோட்டுக்குக் கோடு எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். 10ஐ அந்த வினாடியால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். முதலில் வழக்கமான நடை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, "விழாமல் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு" என்று சொல்லி இன்னொரு முறை. கம்பு வைத்து நடப்பவர் கம்போடுதான் நடக்கணும். நீங்கள் பக்கத்திலேயே போங்கள், முன்னால் போய் இழுக்க வேண்டாம்.

வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர், 0.4 முதல் 0.8 வரை இருந்தால் வெளியே ஓரளவு போய்வருவார், 0.8க்கு மேல் போனால் கடை, கோயில், பஸ் ஸ்டாண்ட் என்று தனியாகச் சமாளிப்பார். இது உலகம் முழுக்க எங்கள் துறையில் வைத்திருக்கிற கணக்கு. 10 மீட்டருக்கு 25 வினாடி என்றால் 0.4, பன்னிரண்டரை வினாடி என்றால் 0.8. உடம்பு நன்றாக இருக்கிற அறுபது வயதுக்காரர் 1.2 பக்கத்தில் நடப்பார்.

அதோடு இன்னொன்று பார்த்துச் சொல்லுங்கள். லாரி வந்ததும் நின்றது காலால் மட்டும்தானா? பக்கவாதத்தில் சிலருக்கு ஒரு பக்கப் பார்வையே போயிருக்கும். கண் நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் வருவது தெரியாது. அவரை நேரே பார்க்கச் சொல்லி, வலப்பக்கமும் இடப்பக்கமும் உங்கள் விரலை அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தெரியவில்லை என்றால் ரோட்டுப் பயிற்சி வேறு மாதிரி.

குளச்சல் கரை

அண்ணே, பிசியோ அக்கா சொன்ன மாதிரி அளக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. என் வீட்டுக்காரருக்கும் வலது பக்கம்தான். ஆரம்பத்தில் எழுப்ப, நடத்த என்று எல்லாரும் அவருடைய வராத கையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். தோள் மூட்டு இறங்கி, ராத்திரி தூங்க முடியாத வலி வந்துவிட்டது. கையைப் பிடிக்கவே கூடாது. இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்டிவிட்டு, பலமில்லாத பக்கம் அரையடி பின்னால் நின்று பெல்ட்டைப் பிடிக்கணும். கம்பு நல்ல கையில். கம்பின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரைக்கும்.

சாரத்தைக் கால் வரை தொங்கவிடவே கூடாது. அரை டிரவுசர் போட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வலை இழுக்கும்போது மடித்துக் கட்டினதுதானே, அதே மாதிரி முட்டுக்கு மேலே மடித்துக் கட்டி ஒரு ஊக்கு குத்திவிட்டேன். ரப்பர் செருப்பும் கூடாது. பின்பக்கம் வார் இருக்கிற செருப்பு வாங்குங்க.

அருமனைக்காரன்

அளந்தேன். பள்ளி மைதானத்தில் கோடு போட்டேன். வழக்கமான நடை 27 வினாடி, அதாவது 0.37. வேகமாக நடக்கச் சொன்னபோது 19 வினாடி, 0.53. எனக்கு நம்பவே முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று "பைய, பைய" என்று கத்திக்கொண்டே இருந்தாள், அவர் காதில் வாங்கவில்லை. முடிந்ததும் மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சம். பார்வை இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிறது.

வேகமாக நடந்தபோது இன்னொன்று கவனித்தேன். அரைவட்டமாகச் சுழற்றுவது குறைந்த மாதிரி இருந்தது. என் கண் ஆசைப்பட்டதா, உண்மையா என்று தெரியவில்லை.

தக்கலை பிசியோ

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வேகமாக நடக்க வைத்தால் நடை கெட்டுப்போகும் என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களை மெதுவாகவும் வேகமாகவும் நடக்க வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் நேர்மாறாகவே வந்திருக்கிறது. வேகம் கூடும்போது இடுப்பும் முட்டும் கூடுதலாக மடங்குகின்றன, இரண்டு கால் அடிகளும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றன. எல்லாருக்கும் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு வருகிறது, நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

0.37க்கும் 0.53க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. காலில் அந்தப் பலம் ஏற்கெனவே இருக்கிறது, தினசரி வாழ்க்கையில் அதை யாரும் கேட்கவில்லை. அம்மா "பைய" என்பது பாசம்தான். வீட்டில் எழுந்த நேரம் முதல் படுக்கும் வரை எல்லாரும் அதையே சொன்னால், மூளை அந்த வேகத்தைத்தான் பழகிக்கொள்ளும். அம்மாவிடம் அதற்குப் பதில் "நிமிர்ந்து நட", "கை பிடிச்சிருக்கேன், போ" என்று சொல்லச் சொல்லுங்கள்.

இனி பயிற்சி. முதலில் அவருடைய டாக்டரிடம் பிரஷர், இதயம் இரண்டையும் பார்த்து, மூச்சு வாங்குமளவு நடக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். இதைத் தாண்டிவிட்டு எதையும் தொடங்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே பிரஷர் 180/110க்கு மேல் காட்டினால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, டாக்டரைக் கூப்பிடணும்.

சரி என்று அவர் சொன்ன பிறகு, சமதளத்தில் ஐந்து நிமிஷம் சாதாரணமாக நடக்கட்டும். அப்புறம் அரை நிமிஷம் வேகமாக, மூச்சு அடங்கும் வரை நின்றோ உட்கார்ந்தோ ஓய்வு, மறுபடி அரை நிமிஷம். வேகமாக நடக்கும்போது அவரால் இரண்டு மூன்று வார்த்தை பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால்தான் பயிற்சி. நாடித்துடிப்பை வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் சாப்பிடும் மாத்திரையில் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகை மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அதைச் சாப்பிடுகிறவருக்கு மூச்சும் களைப்பும்தான் அளவு. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் போதும். ஓய்வையும் சேர்த்து அரை மணி நேரம். அரை நிமிஷம் சுலபமானால் ஒரு நிமிஷமாக்குங்கள், பிறகு இரண்டு. அதற்கப்புறம்தான் சரிவு, படி, மண் ரோடு.

நடக்காத நேரத்தில் நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரட்டும். இதைச் செய்யும்போது பெரும்பாலானோர் நல்ல காலிலேயே பாரம் போட்டு எழுந்துவிடுவார்கள். நல்ல காலை அரையடி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வலது கால் வேலை செய்தே ஆகணும் என்று ஆகிவிடும். முதல் வாரம் உயரமான நாற்காலி, போகப் போகத் தாழ்வானது.

நெஞ்சுவலி, தலைசுற்றல், கண் இருட்டுதல் வந்தால் அங்கேயே நிறுத்தணும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் திடீரென்று முன்னைவிட மோசமாவது எது வந்தாலும் களைப்பு என்று படுக்க வைத்துவிடாதீர்கள், உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

விரல் உரசுவதற்கு, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. ஸ்பிளின்ட் பற்றி யாராவது சொன்னார்களா? இருந்தால் எழுதுங்கள்.

ஆசாரிபள்ளம்65

நான் நோயாளி. இடது பக்கம் விழுந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் அப்பா ரோட்டில் நின்றாரே, அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரியும். பின்னாலிருந்து சத்தம் வரும்போது திரும்பிப் பார்க்கணும். திரும்பினால் விழுந்துவிடுவோம் என்று பயம். கால் தரையில் ஒட்டின மாதிரி நின்றுவிடும். சுற்றி நிற்கிறவர்கள் நடை வரவில்லை என்று நினைப்பார்கள். எனக்கு வராமல் இருந்தது திரும்புதல்.

அதனால் திரும்புவதைத் தனியாகப் பழகினேன். சுவர் பக்கத்தில் நின்று கடிகாரம் மாதிரி சின்னச் சின்ன அடியாக, முதலில் நல்ல கால் பக்கமாக, பிறகு வராத பக்கமாக. நடந்துகொண்டே தலையை மட்டும் வலது, இடது என்று திருப்பினேன். ஆரம்பத்தில் வளைந்து வளைந்து போவேன். மனைவி பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள்.

இன்னொன்று, பேச்சு. யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் நின்றுவிடுவேன். நடையும் பேச்சும் ஒன்றாக வராது. பிசியோவிடம் சொன்னபோது, அது இந்த நோயில் சகஜம், அதையும் பழகணும் என்றார். நடக்கும்போது மனைவி சந்தைக் கணக்குக் கேட்பாள். தேங்காய் ஒன்று இவ்வளவு, ஏழு தேங்காய் எவ்வளவு? கணக்கு வாத்தியார் திணறியிருக்கிறேன். இப்போது வடசேரி சந்தைக்குள் பேசிக்கொண்டே போய்வருகிறேன்.

மனசைப் பற்றியும் சொல்லணும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று என் டாக்டர் சொன்னார். நானும் அந்த மூன்றில் ஒருவன். நடக்க மறுப்பது சோம்பல் என்று வீட்டில் எண்ணினார்கள். மாத்திரை தொடங்கிய பிறகுதான் பயிற்சிக்கே மனசு வந்தது. "வீட்டோட இருந்துக்கிடுவோம்" என்று அப்பா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு, தூக்கம், சிரிப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

வடசேரி வாசகி

ரோபோ பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் சித்தப்பாவுக்கும் அதே யோசனைதான் சொல்கிறார்கள். கயிறு கட்டித் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைப்பதும் உண்டாம். நிலத்தை ஈடு வைத்தாவது பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு.

தக்கலை பிசியோ

வாசகி, நிலத்தை வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் 408 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2011ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிற டிரெட்மில் பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பலம், பேலன்ஸ் பயிற்சி கொடுத்தார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். மெஷின் பக்கம் கூடுதல் லாபம் இல்லை. நான் முன்னால் சொன்ன 2020 வழிகாட்டுதல் இன்னும் நேராகவே சொல்கிறது: ஆறு மாதம் தாண்டி, நடக்கத் தெரிந்தவருக்கு வேகத்தையும் தூரத்தையும் கூட்ட ரோபோவும் தொங்கவிட்டு நடத்துவதும் வேண்டாம், மூச்சு வாங்குமளவு நடைப்பயிற்சி கொடுங்கள் என்கிறது. நிற்கவே முடியாதவருக்கு, தொடக்க நாட்களில் மெஷினுக்கு இடம் உண்டு. சித்தப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பிசியோவே வேண்டாம், வீட்டில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, பயிற்சியை அவர்கள் கையில் விட்டதால் ஆறு மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. எவ்வளவு கடினமாகச் செய்யணும், எப்போது அடுத்த படிக்குப் போகணும் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பணம் இல்லை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருவது அதில் சேர்த்தி. கிராம செவிலியரிடம் பெயர் கொடுத்துவிட்டு, வராவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

ஆசான் வீட்டுப் பேரன்

தோவாளை அக்கா வர்மம் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். எங்கள் தாத்தா விளவங்கோடு பக்கம் பேர் சொன்ன ஆசான். வாதக்காரர்கள் கட்டிலோடு வருவார்கள். அவர் தைலம் தடவி முடித்ததும் யாரையும் படுக்க விட்டதில்லை. முற்றத்தில் இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு மூங்கில் கட்டியிருப்பார். உடம்பில் எண்ணெய்ச் சூடு இருக்கும்போதே அதைப் பிடித்து அங்கும் இங்கும் நடக்கணும். நடக்காதவனுக்கு மறுநாள் தடவல் கிடையாது. இப்போது பல இடத்தில் தடவல் மட்டும் நடக்கிறது, அந்த மூங்கில் இல்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

தக்கலை பிசியோ

உங்கள் தாத்தா செய்ததை நான் முழு மனசோடு மதிக்கிறேன். தடவினால் வலியும் விறைப்பும் கொஞ்ச நேரம் குறையும், அந்த நேரத்தில் நடக்க வைப்பது நல்ல யோசனை. தடவலுக்குப் போகிறவர்கள் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சூட்டுக் கிழி வைத்தால் வெந்துபோவதே தெரியாது, சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆறாது. தோளை இழுத்து முறுக்க விடாதீர்கள். பத்தியம் என்று சொல்லி பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது அட்டாக் அப்படித்தான் பல பேருக்கு வருகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்குக் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறா ரத்தம் தடவுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதில் எந்தப் பலனும் இல்லை, அந்த அலைச்சலில் முதல் நாள்களின் பொன்னான நேரம் போய்விடுகிறது.

இரணியல் தறி

எனக்குப் பக்கவாதம் இல்லை. இரண்டு வயதில் போலியோ, இடது கால் சூம்பியது. காலைத் தாங்குகிற காலிப்பர் போட்டு, தறியில் வேலை பார்த்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டேன். இப்போது 58 வயதில் நல்ல காலும் தளர்கிறது. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வேண்டாம் என்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு நானும் மூச்சு வாங்க நடக்கத் தொடங்கலாமா அக்கா?

தக்கலை பிசியோ

தொடங்க வேண்டாம். கேட்டது ரொம்ப நல்லது. போலியோ வந்து பல பத்து வருஷம் கழித்து இப்படிப் புதிதாகத் தளர்ச்சி வருவது உண்டு. அன்றைக்குத் தப்பிப் பிழைத்த நரம்புகள் இத்தனை வருஷமும் செத்துப்போனவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. அவற்றை மேலும் விரட்டினால் பலம் குறையத்தான் செய்யும். உங்களுக்கு அளவான பயிற்சி, இடையிடையே ஓய்வு, எடை குறைந்த புதிய காலிப்பர் என்று போகணும். மறுநாள் காலையிலும் களைப்பும் வலியும் இருந்தால் முந்தின நாள் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு தைராய்டு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, இடுப்புத் தண்டுவடம் இதையெல்லாம் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். எல்லாவற்றையும் பழைய போலியோ மேலேயே போட்டுவிடக் கூடாது.

மற்றவர்களுக்கும் இதுதான். காரணம் தெரியாத கால் தளர்ச்சிக்கு இந்த இழையில் இருக்கிற பயிற்சியைச் செய்யாதீர்கள்.

அருமனைக்காரன்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டு நடக்கலாம் என்றார். சுகாதார நிலையத்தில் இருந்து பிசியோ தம்பி ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது, முற்றம் முழுக்கப் பாசி. அதனால் வராந்தாவிலேயே நடை. திரும்புகிற இடத்தில் ஆசாரிபள்ளம் சார் சொன்ன மாதிரி சின்னச் சின்ன அடி.

அக்கா கேட்டீர்களே, ஏ.எஃப்.ஓ. முன்பே வாங்கியதுதான், பரண் மேல் கிடந்தது. போட்டால் கணுக்கால் எலும்பில் உரசிச் சிவக்கிறது என்று அப்பா கழற்றி எறிந்துவிட்டார். செய்துகொடுத்த இடத்தில் மாற்றித் தரக் கேட்டபோது பழகினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பிசியோ தம்பி வேறு ஓர் இடத்துக்கு அனுப்பினார். அங்கே அந்த இடத்தை மட்டும் சூடு காட்டி வெளியே தள்ளிவிட்டார்கள். அரை மணி நேர வேலை. இவ்வளவுதானா என்று இருந்தது. விரல் உரசல் நின்றுவிட்டது.

போன வாரம் அளந்ததில் வழக்கமான நடை 20 வினாடி. 0.5. சாயாக்கடைக்கு என்னோடு வருகிறார். குழித்துறைக்குப் பஸ்ஸில் போகணும் என்று இப்போது அடுத்த ஆசை. டவுன் பஸ்ஸின் முதல் படியை டேப் வைத்து அளந்தேன், ஒன்றேகால் அடிக்கு மேல் இருக்கிறது. எங்கள் வீட்டுப் படி அரை அடி. எப்படி ஏற்றுவது?

தக்கலை பிசியோ

27ல் இருந்து 20. முதல் மாதங்களில் இருக்கிற நோயாளிகளை வைத்துப் பார்த்த கணக்கில் 0.16 கூடினால் அவருடைய வாழ்க்கையிலேயே மாற்றம் தெரியும் என்பார்கள். நீங்கள் 0.13 வந்துவிட்டீர்கள், அதுவும் இத்தனை மாதம் கழித்து. அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஏ.எஃப்.ஓ. கழற்றியதும் தினமும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையணும். மறையாவிட்டால் மறுபடி போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் அந்த பிளாஸ்டிக்கை மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸிலோ கோயில் கல்தளத்திலோ நடக்க விடாதீர்கள், வழுக்கிவிடும். கோயிலுக்குப் போனால் அங்கே கழற்றிவிட்டு, பெல்ட்டைப் பிடித்து மெதுவாகவே கூட்டிப்போங்கள்.

பஸ் படிக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். வீட்டில் அரை அடிப் படியில் இது தன்னால் வரும் வரை பழகட்டும். அப்புறம் ஆடாத கனமான பலகையோ கல்லோ போட்டு இரண்டு இரண்டு அங்குலமாக உயர்த்துங்கள். பிடிக்கக் கம்பி இருக்கணும். அவருக்கு வலது கை பாதிதானே, பஸ்ஸில் இடது பக்கக் கம்பிதான் அவருக்கு. கம்பை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, அவர் முன்னால் நில்லுங்கள்.

குளச்சல் கரை

பஸ்ஸுக்கு முதல் தடவை ஸ்கூல் நேரத்தில் போகாதீங்க அண்ணே. பத்தரை மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. பஸ் கிளம்புகிற இடத்திலேயே போய் ஏத்துங்க, வழியில் நிறுத்தத்தில் நின்றால் அவசரப்படுத்துவாங்க. கண்டக்டரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்கள் சொன்னபோது, இவர் உட்கார்ந்த பிறகுதான் விசில் அடித்தார்.

அருமனைக்காரன்

சரி அக்கா. குழித்துறை போகிற வண்டி அருமனையிலேயே கொஞ்ச நேரம் நிற்கும், அதில் பார்க்கிறேன். வாசகி, சித்தப்பா விஷயம் என்ன ஆச்சு? அவரையும் 10 மீட்டர் அளந்து இங்கே போடுங்கள்.

வடசேரி வாசகி

அளந்துவிட்டோம் அண்ணா. 41 வினாடி, வேகமாக 36. முட்டு பின்பக்கமாக மடங்குகிறது, குதிகால் தரையில் படவே இல்லை, கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கிறது.

தக்கலை பிசியோ

அப்படியென்றால் அவருக்கு வேகப் பயிற்சியைத் தள்ளி வையுங்கள். கெண்டைக்கால் இறுக்கத்தை முதலில் ஒரு நரம்பியல் டாக்டரோ உடலியக்க மருத்துவ டாக்டரோ பார்க்கணும். இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரையா, போட்டாக்ஸ் ஊசியா என்று அவர் முடிவு செய்வார். ஊசியின் பலன் மூன்று மாதம் போல இருக்கும். அது வேலை செய்கிற நாட்களில் சதையை நீட்டி, குதிகால் படும்படி ஏ.எஃப்.ஓ. செய்து, நடையைப் பழக்கிக்கொள்ளணும். ஊசி மட்டும் போட்டுவிட்டு வந்தால் வேகம் பெரிதாகக் கூடாது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஓ.பி. சீட்டு எடுத்துக் காட்டுங்கள். முட்டு மடங்குவதைப் பக்கவாட்டில் இருந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குச் சொல்வது சுலபம்.